இரை வைத்து எடுத்த பறவைப் படத்தைப் போட்டியில் சேர்க்கலாமா? விதி எழுத உதவுங்கள்

சோலைமந்தி (கோவை)

வணக்கம். எங்கள் குழு வருடம் ஒரு முறை பறவைப் படக் கண்காட்சி வைக்கும், கூடவே சின்னதாக ஒரு போட்டியும் உண்டு. இந்த முறை விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கூட்டில் எடுத்த படம் கிடையாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இரை வைத்து எடுத்த படம் என்று பேச்சு வந்ததும்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். டீ ஆறியது, முடிவு வரவில்லை.

போன வருடம் வந்த படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மூன்று பேர் ஆறுமணிக்குருவி அனுப்பியிருந்தார்கள். மூன்றிலும் அதே கிளை. இடது ஓரத்தில் அதே முடிச்சு, அதே பாசித் திட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் கிளையின் மேல்புறம் கத்தியால் தோண்டிய சின்னக் குழி, அதன் விளிம்பில் மஞ்சளாக ஒரு புழுவின் நுனி. அதில் ஒன்றுக்குத்தான் நாங்கள் இரண்டாம் பரிசு கொடுத்தோம்.

'இரை வைத்த படம் ஏற்கப்படாது' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் தண்ணீர்த் தொட்டி இரையா? வாழைப்பழம்? உழுகிற டிராக்டர் பின்னால் வரும் கொக்குக் கூட்டம்? மீன் இறங்குதுறையில் வட்டமடிக்கும் செம்பருந்து? கோடு எங்கே போடலாம், சொல்லுங்கள்.

வைரி (சென்னை)

கோடே வேண்டாம் அண்ணா. சாத்தால், கணேஷ்குடி, தட்டேக்காடு என்று பறவை பார்க்கப் போகிற இடமெல்லாம் ஹைட் (ஒளிந்து உட்கார்ந்து படமெடுக்கும் மறைவிடம்) இருக்கிறது. நாம் லைக் போடுகிற படங்களில் நிறைய அங்கே உட்கார்ந்து எடுத்தவைதான். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 70-300 லென்ஸ். ஒரு 600 எம்எம் பிரைம் லென்ஸ் வாங்க வேண்டும் என்றால் வீட்டில் நகை எதுவும் மிஞ்சாது. அந்த லென்ஸ் வைத்திருப்பவர் தூரத்தில் நின்று எடுத்துவிட்டு 'இயற்கையாக எடுத்தேன்' என்பார். நான் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஹைட்டில் உட்கார்ந்தால் மட்டும் பாவமா?

இன்னொன்று. ஹைட்டில் ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சோலைக்குள் பத்துப் பேர் புளூடூத் ஸ்பீக்கரில் குருவியின் குரலைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே அலைகிறார்களே, அது இதைவிட நல்லதா?

நீர்க்காகம் (சிங்கப்பூர்)

வைரி தம்பி, 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பதுதான் இங்கேயும் ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஒருவர், நரைத்தலை மீன்கழுகு தண்ணீரில் பாய்வதைப் படமெடுக்க உயிர் மீனின் வாய்க்குள் தெர்மோகோலைத் திணித்துக் குளத்தில் விட்டார். மீன் ஆழத்துக்குப் போகாமல் மேலேயே மிதக்க வேண்டும், அதுவும் கேமரா ஃபோகஸ் வைத்த இடத்திலேயே மிதக்க வேண்டும், அதற்காக. கழுகு மீனோடு சேர்த்து எதை விழுங்கும் என்று யோசிக்கவில்லை. வழக்காகி அபராதம் கட்டினார்.

அப்புறம் 2020 ஜூன் 1 முதல் காட்டுயிர்ச் சட்டத்தையே இறுக்கிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் காட்டுயிருக்கு வேண்டுமென்றே உணவு போட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வரை. குரங்குக்கு வாழைப்பழம் நீட்டினாலும் சரி, கழுகுக்கு மீன் எறிந்தாலும் சரி. படம் எடுக்கத்தான் போட்டேன் என்பது இங்கே சாக்கு ஆகாது.

வாத்தியார் (திருநெல்வேலி)

நல்ல சட்டம். அது இங்கே வந்தால் முதலில் என் வீட்டம்மாவைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். தினமும் காக்காய்க்குச் சோறு வைக்காமல் அவள் சாப்பிட மாட்டாள்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில், கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்க விட்டிருக்கிறார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. ராயப்பேட்டையில் ஒரு கேமரா மெக்கானிக் மொட்டை மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கில் கிளிகளைக் கூட்டியதைச் சென்னைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். ராஜஸ்தான் கீச்சனில் ஊரே சேர்ந்து கிரேன் என்னும் பெருங்கொக்குகளுக்குத் தானியம் போடுகிறது. பறவைக்குச் சோறு போடுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. அதைக் குற்றம் என்று ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தையல்சிட்டு (நாமக்கல்)

சார், வீட்டில் காக்காய்க்கு வைக்கிற சோறும் ஹைட்டில் வைக்கிற புழுவும் ஒன்றில்லை. நான் கால்நடை மருத்துவர், பெரும்பாலும் கோழிப் பண்ணைகளோடுதான் என் பொழுது போகிறது. அதனால் அறத்தை விட்டுவிட்டு நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காட்டில் ஒரு சிரிப்பான் இலைச் சருகைப் புரட்டி இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று பொறுக்கித் தின்னும். ஹைட்டில் அது தினம் ஒரே தட்டுக்கு வருகிறது. அதே தட்டில் சின்னான், புறா, தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் வரும். கல்யாணப் பந்தியில் ஒரே இலையில் ஊரே கைவைத்துச் சாப்பிடுகிற கதைதான். பிரிட்டனில் தோட்டத்துத் தீவனத் தட்டுகள் வழியாக டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பரவி, 2005க்குப் பிறகு கிரீன்ஃபிஞ்ச் குருவிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தொண்டை புண்ணாகி, விழுங்க முடியாமல், தட்டுக்குப் பக்கத்திலேயே உப்பிப்போய் உட்கார்ந்து சாகும். அந்தக் குருவி 2021இல், மிகவும் கவலைக்குரிய பறவைகளுக்கான அவர்களுடைய சிவப்புப் பட்டியலுக்குப் போனது. அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி 2025இல் தட்டையான தீவன மேடைகளை விற்பதையே நிறுத்திவிட்டது. பறவைகளை நேசிக்கிறவர்கள் நல்லெண்ணத்தோடு வைத்த தட்டு அது.

ஜப்பானில் இசுமி என்ற ஊரில் குளிர்காலத்தில் பெருங்கொக்குகளுக்குத் தீவனம் போட்டு ஒரே இடத்தில் பெருங்கூட்டமாகச் சேர வைத்திருந்தார்கள். 2022-23 குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொக்குகள் செத்தன. கூட்டம் சேர்ந்த இடத்தில் நோய் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் அந்த மஞ்சள் புழு, மீல்வேர்ம். கொழுப்பு நிறைய, கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். எப்போதாவது ஒன்றிரண்டு தின்றால் வளர்ந்த பறவைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாய்ப் பறவை சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதையே எடுத்துப் போய்க் குஞ்சுக்கு ஊட்டினால் எலும்பு சரியாக உறையாது. ஆறுமணிக்குருவி நம் பக்கம் குளிர்காலத்துக்கு வந்து போகிற பறவை, இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. ஆகவே அதைப் பொறுத்தவரை இந்தக் கவலை இல்லை. அதே தட்டுக்கு வரும் குண்டுகரிச்சானும் சிரிப்பானும் இங்கேயே கூடு கட்டுகிறவை.

வைரி, உங்கள் பெயருக்குரிய வேட்டைப் பறவையையும் கேட்டுப் பாருங்கள். தினம் ஒரே நேரத்தில் சின்னக் குருவிகள் கூடும் இடம் எது என்று வைரிக்கு நன்றாகத் தெரியும்.

வைரி (சென்னை)

ஹாஹா. சரி மேடம், நோய் விஷயம் எனக்குப் புதுசு. ஆனால் அதற்குத் தீர்வு தட்டைக் கழுவுவதுதானே, தடை செய்வது இல்லையே?

மலையடி வீடு (தட்டேக்காடு பக்கம்)

இங்கே எல்லோரும் ஹைட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஹைட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. சொல்கிறேன்.

நான் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். அப்பா விட்டுப்போன கொஞ்ச நிலத்தில் இப்போது மூன்று அறை, இரண்டு ஹைட். ஹைட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை வலை கட்டிய மூங்கில் கூடாரம், லென்ஸ் நீட்ட ஓட்டை, முன்னால் கல் வைத்துச் சிமெண்டு பூசிய சின்னத் தொட்டி, மேலே பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தச் சொட்டுச் சத்தம்தான் பறவையைக் கூப்பிடும். பிப்ரவரி முதல் மே வரை அது ஒன்றே போதும். மழைக்காலத்தில் காடெல்லாம் தண்ணீர், அப்போது யாரும் தொட்டியைத் திரும்பிப் பார்க்காது. அந்த நேரத்தில்தான் பப்பாளி, வாழைப்பழம், கம்பு, புழு எல்லாம் போடுவோம். ஆமாம், நானும் புழு போடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஏன் போடுகிறேன்? பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர் காலை ஒன்பதுக்குள் 'பறவை எங்கே' என்பார். வரவில்லை என்றால் கூகுளில் ஒரு ஸ்டார். பக்கத்து ஹைட்காரர் போடுகிறார், நான் போடாவிட்டால் என் அறை காலி. சிலர் ஊசியும் கொண்டு வருகிறார்கள். புழுவைக் கிளையோடு சேர்த்துக் குத்தி வைத்தால் பறவை பிடுங்க நேரமாகும், அதற்குள் நிறைய ஷாட் கிடைக்குமாம். அதை மட்டும் விடுவதில்லை, திரும்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஒரு விஷயம் யோசியுங்கள். என் நிலத்தில் இரண்டு ஆலும் ஒரு பெரிய பலாவும் நிற்கிறது. ரப்பர் விலை ஏறினபோது வெட்டிவிட்டு ரப்பர் வைக்கச் சொல்லி வீட்டில் சண்டை. இன்றைக்கு அந்த மரத்தை வெட்டச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது. அறை வாடகை அந்த மரத்துக்கு வரும் பறவையால்தான் வருகிறது. தடை என்று ஒரே வரியில் எழுதினால் ஹைட் போகும், கூடவே மரமும் போகும்.

எனக்கு வேண்டியது முறைப்படுத்தல். ஹைட்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், எத்தனை பேர் உட்காரலாம், என்ன போடலாம், எந்த மாதம் மூட வேண்டும் என்று வனத்துறை எழுதித் தரட்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நானும் கடைப்பிடிப்பேன், பக்கத்துக்காரரும் கடைப்பிடிப்பார். நான் மட்டும் நல்லவனாக இருந்தால் வயிறு காயும்.

தையல்சிட்டு (நாமக்கல்)

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி அண்ணா. ஒரே கேள்வி, தொட்டியை எப்போது கழுவுவீர்கள்?

மலையடி வீடு (தட்டேக்காடு பக்கம்)

தண்ணீர் தினமும் மாற்றுவேன் மேடம். தேய்த்துக் கழுவுவது வாரம் ஒரு தரம். பாசி கொஞ்சம் இருந்தால்தான் படம் நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்களே தடுப்பார்கள்.

தையல்சிட்டு (நாமக்கல்)

அந்தப் பாசிதான் எனக்குப் பயம். நான் சொன்ன ஒட்டுண்ணி எச்சில் வழியாகத் தண்ணீரிலும் பரவும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீராகக் கரைத்துத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு தொட்டி இருந்தால் ஒன்று காய்கிற நேரத்தில் இன்னொன்றைப் பயன்படுத்தலாம். தட்டுக்குப் பக்கத்தில் உப்பிப்போய், பறக்காமல் உட்கார்ந்த பறவையைப் பார்த்தால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

வல்லிபுரத்தான் (ஸ்காபரோ, கனடா)

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன். இஞ்ச குளிர்காலத்தில ஆர்க்டிக்கில இருந்து பனி ஆந்தைகள் ஒன்ராறியோ வயல்வெளிக்கு இறங்கி வரும். பனி மூடிய வெள்ளை வயல், அதில வெள்ளை ஆந்தை. வளர்ப்புப் பிராணிக் கடையில வெள்ளெலி வாங்கிக் கொண்டுபோய்ப் பனிக்கு மேல எறியிறவை இருக்கினம். எலிக்கு ஓடி ஒளிய இடமே இல்லை. ஆந்தை நேரே கமராவை நோக்கிப் பாய்ந்து வரும். இப்படிப் படம் எடுக்கக் காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்தினவையும் உண்டு.

படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். சிறகு ரெண்டும் முழுக்க விரிஞ்சிருக்கும், கால் முன்னுக்கு நீண்டிருக்கும், கண் உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும். வடிவாகப் பார்த்தால் லென்ஸுக்குச் சற்றுக் கீழே, நிலத்தைப் பார்க்கும். தானாக வேட்டையாடுற ஆந்தை ஒரு கூட்டம் ஆக்களுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் அப்படி வந்து விழாது.

கெடுதி எங்கே எண்டால், வீதியோரம் கார் நிண்டால் சாப்பாடு எண்டு ஆந்தை பழகிவிடும். ஆந்தை தாழப் பறக்கிற பறவை. வாகனத்தில அடிபடுறது அதுக்கு ஏற்கெனவே பெரிய ஆபத்து. கடை எலியில சால்மொனெல்லாக் கிருமி இருந்தால் அதுவும் சேரும். அமெரிக்காவின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கம் ஆந்தைக்கும் பருந்துக்கும் இரை காட்டக்கூடாது எண்டு தன் வழிகாட்டியில எழுதியிருக்கு, அவையின்ர போட்டியிலயும் அப்படி எடுத்த படம் செல்லாது.

ஆனால் மலையடி வீட்டு அண்ணை சொன்னதையும் தள்ள ஏலாது. எக்வடோரில மிண்டோவுக்குக் கிட்ட ஆங்கெல் பாஸ் எண்ட விவசாயி, காட்டுக்குள்ள இருந்து ஒரு ராட்சத எறும்புப்பிட்டாவை மண்புழு போட்டுப் பழக்கினார். கண்ணிலயே படாத பறவை அது. அவர் அதுக்கு மரியா எண்டு பேர் வைச்சுக் கூப்பிட, பாதைக்கு நடந்து வந்து நிற்கும். அதைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆக்கள் போனவை. முந்தி மரம் வெட்டின குடும்பம் இப்ப அந்தக் காட்டைக் காப்பாத்தி வைச்சிருக்கு. அதையும் எலி எறியிறதையும் ஒரே தட்டில வைக்க என்னால ஏலாது.

சோலைமந்தி (கோவை)

அண்ணை, இது உதவுகிறது. எப்படியானாலும் உயிருள்ள எலி, மீன், ஓணான் எதையும் வேட்டைப் பறவைக்குக் காட்டி எடுத்த படம் கிடையாது. இதில் யாருக்காவது மறுப்பு உண்டா? மீன்கொத்தி பாய்வதற்காகத் தண்ணீருக்குள் மீன் நிரப்பிய தொட்டியைப் புதைத்து வைப்பதையும் இதில் சேர்க்கிறேன். தொட்டி மேலோட்டமாக இருந்தால் பாய்கிற வேகத்தில் மீன்கொத்தி எதில் முட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைரி (சென்னை)

இதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 'இரை வைக்கவில்லை' என்று டிக் அடித்து அனுப்பினால் முடிந்தது. லண்டனில் அவ்வளவு பெரிய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியிலேயே 2009இல் வேலி தாண்டும் ஓநாய்க்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று அப்புறம் பறித்தார்கள். 2017இல் பரிசு வாங்கிய எறும்புத்தின்னி பாடம் செய்த பொம்மை என்று 2018இல் பறித்தார்கள். அவர்களுக்கே அந்த நிலைமை.

நீர்க்காகம் (சிங்கப்பூர்)

அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பாருங்கள் தம்பி. ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த, திருத்தாத மூலக் கோப்பு) ஒன்று மட்டும் வாங்கினால் போதாது. கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களை வரிசை எண் மாறாமல் கேளுங்கள். குருவி கிளையில் வந்து உட்கார்வது, குனிவது, கொத்துவது எல்லாம் அதில் வரும். நடுவில் பத்து எண் காணாமல் போனால் கேள்வி கேட்கலாம்.

கறுப்புக்கோட்டு (மதுரை)

இவ்வளவு நேரமாகச் சட்டம் பேசாமல் இருந்தேன், இனி முடியாது. நம் ஊரில் விதியே இல்லை என்ற நினைப்பில் எல்லோரும் பேசுகிறீர்கள்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16). 'வேட்டை' என்றால் என்ன என்று அங்கே இருக்கிறது. கொல்வது, நஞ்சு வைப்பது மட்டுமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இவற்றோடு இரை வைப்பதும் அந்த வரியில் வருகிறது. அதற்கான முயற்சியும் வேட்டைதான். பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் வேட்டை. பிரிவு 9, சட்டம் பாதுகாக்கும் உயிர்களின் பட்டியல்களான அட்டவணை 1, 2இல் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. பிரிவு 51இல் பொதுவான தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது 2022 திருத்தத்தில் ஒரு லட்சம் வரை உயர்ந்தது. அட்டவணை 1 என்றால் இன்னும் கடுமை.

'இரை வைப்பது' என்பது பிடிப்பது, பொறி வைப்பது ஆகியவற்றின் நடுவில் நிற்கிறது. ஆகவே பிடிக்கவோ கொல்லவோ இரை வைப்பதைத்தான் அது குறிக்கிறது, படம் எடுக்கப் புழு வைப்பதை இல்லை என்று நான் வாதாடலாம். எதிர்த்தரப்பில் நின்றால், சட்டம் நோக்கத்தைப் பிரிக்கவில்லை, எழுதியிருப்பதை எழுதியபடி படியுங்கள் என்றும் வாதாடலாம். இரண்டுக்கும் ஃபீஸ் ஒன்றுதான்.

சரணாலயத்துக்குள் இந்தக் குழப்பமே இல்லை. பிரிவு 28இன்படி புகைப்படம் எடுக்க அனுமதி கொடுக்கலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, வாழிடத்தில் மாற்றம் செய்யாமல், வாழிடத்துக்கோ உயிர்களுக்கோ பாதிப்பு இல்லாமல் எடுக்கும் படத்துக்குத்தான் அது பொருந்தும். கிளை நட்டு, குழி தோண்டி, புழு வைத்து எடுத்துவிட்டு மாற்றம் செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

வாத்தியார் சார், வீட்டம்மாவுக்குப் பயம் வேண்டாம். எந்த ரேஞ்சரும் அதற்கு வரமாட்டார். அதுதான் இந்த வரியின் பலவீனமும். காக்காய்ச் சோற்றிலிருந்து கண்ணி வரை எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் இழுக்கப் பார்க்கிறது, கடைசியில் ஹைட் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மலையடி வீட்டார் கேட்கிற பதிவும் நிபந்தனையும் வந்தால் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

சோலைமந்தி (கோவை)

எல்லாவற்றையும் வைத்து ஒரு வரைவு எழுதினேன், பாருங்கள்.

உயிருள்ள இரை, கூடு, சரணாலயத்துக்குள் உணவு வைத்தது: மூன்றும் ஏற்கப்படாது. தனியார் நிலத்து ஹைட்டில் பழம், தானியம், புழு, தண்ணீர் வைத்து எடுத்த படங்களுக்குத் தனிப் பிரிவு, தனிப் பரிசு. குரல் ஒலிபரப்பி எடுத்ததும் அதே பிரிவில் வரும். படத்தின் கீழே பார்வையாளர் படிக்கும்படி அட்டையில் 'புழு வைத்து எடுத்தது' என்று அச்சிடுவோம். கடைசிச் சுற்றில் வரிசை மாறாத ரா ஃபைல்கள் கேட்போம்.

தடையைவிட அட்டை நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுகிறது. மாமா, அத்தை எல்லாம் பார்க்க வருகிற கண்காட்சி. யாருக்குமே அந்த அட்டையோடு தன் படம் தொங்குவது பிடிக்காது.

வைரி (சென்னை)

நல்ல யோசனைதான். யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கறுப்புக்கோட்டு (மதுரை)

சோலைமந்தி சார், நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதினீர்களா? இரை வைப்பது வேட்டை என்று எழுதியிருக்கும் நாட்டில், ஒருவர் தன் பெயர், பறவையின் பெயர், எடுத்த இடம், 'புழு வைத்து எடுத்தது' எல்லாவற்றையும் அச்சடித்து பொதுச் சுவரில் மாட்டுகிறார். வாக்குமூலம் வேறு எப்படி இருக்கும்? யார் வந்து திறந்து வைக்கிறார்கள்?

சோலைமந்தி (கோவை)

மாவட்ட வன அலுவலர்.

வாத்தியார் (திருநெல்வேலி)

ரிப்பன் வெட்டிவிட்டு அப்படியே வழக்குக்கான மகஜரையும் எழுதிவிட்டுப் போகலாம்.

தையல்சிட்டு (நாமக்கல்)

சிரித்தாலும், இதில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. 'தண்ணீர்த் தொட்டி அருகே எடுத்தது' என்று எழுத நாம் யாரும் தயங்கவில்லை. 'புழு வைத்து' என்று வரும்போதுதான் வக்கீலைத் தேடுகிறோம். பயத்துக்காக அட்டையின் வாசகத்தை மழுப்ப வேண்டாம். 'உணவு கிடைக்கும் இடத்தில் எடுத்தது' என்பதுபோல எழுதினால் மீன் இறங்குதுறையும் ஊசி குத்திய புழுவும் ஒன்றாகிவிடும்.

உணவு வைத்ததை இந்த வருடம் போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் அட்டையோடு அனுமதியுங்கள். மனிதர் வேறு வேலைக்காக இருக்கும் இடத்துக்குப் பறவை தானாக வந்தால், உழுகிற வயல், மீன் துறை, எல்லாம் சரி. படமெடுக்க வைத்த உணவு என்றால் கிடையாது. இப்போதைக்கு அவ்வளவுதான். பிணந்தின்னிக் கழுகுக்கு நேபாளத்தில் நஞ்சில்லாத மாட்டு உடல்களை வைக்கிறார்களே, அதற்குத் தேவை இருந்தது, மாட்டுக்குப் போடும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக் அந்தக் கழுகுகளை அழித்துக்கொண்டிருந்தது. ஆறுமணிக்குருவிக்கு நம் புழு இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை.

மலையடி வீடு (தட்டேக்காடு பக்கம்)

மேடம் சொல்வது எனக்கு நஷ்டம்தான், ஆனால் எதிர்க்கவில்லை. போட்டியில் புழுப் படத்துக்கு மதிப்பில்லை என்று ஆனால் விருந்தினரே புழு கேட்பதை நிறுத்துவார்கள். நான் கேட்டால் கேட்காதவர்கள் நீங்கள் பரிசு கொடுக்கவில்லை என்றால் கேட்பார்கள். கோடையில் தண்ணீரே போதும் என்று ஏற்கெனவே சொன்னேன். மழைக்காலத்துக்கு ஹைட்டை மூடிவிட்டு ஆந்தை, தவளைவாயன் பார்க்க நடைப் பயணம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அறை வாடகை கொஞ்சம் குறையும். இரண்டாவது தொட்டியும் கட்டுகிறேன்.

வைரி (சென்னை)

70-300 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்லாமல் முடிக்கக்கூடாது அண்ணா.

சோலைமந்தி (கோவை)

நியாயம். 'சூழலோடு பறவை' என்று ஒரு பிரிவு சேர்க்கிறேன். பறவை ஃபிரேமில் சின்னதாக இருக்கலாம், இடம் தெரிய வேண்டும். 600 எம்எம்காரர்கள் அதில் திணறட்டும். மற்றது தையல்சிட்டு மேடம் சொன்னபடியே. இறுதி விதிமுறையை நாளை இங்கே பதிகிறேன்.

புதியவன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். டெல்லி யமுனைப் படித்துறையில் விடியற்காலையில் படகில் போய் எடுத்த கடற்காகப் படம் இருக்கிறது. பனிமூட்டம், சூரியன், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பறவை. படகுக்காரர்தான் ஓமப்பொடி மாதிரி ஒரு மிக்சரை வீசிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் போடவில்லை. அனுப்பலாமா?

கறுப்புக்கோட்டு (மதுரை)

ஓமப்பொடிக்குக் காசு கொடுத்தது யார் தம்பி?

புதியவன் (திருப்பூர்)

நான்தான் சார்.

சோலைமந்தி (கோவை)

அப்படியானால் பறவைப் பிரிவில் கிடையாது. ஆனால் படகுக்காரர் வீசுகிற கையும் ஓமப்பொடியும் ஃபிரேமுக்குள் வருகிற படம் ஏதாவது இருக்கிறதா? 'மனிதரும் பறவையும்' என்று இன்னொரு பிரிவு இருக்கிறது, அங்கே எதையும் மறைக்க வேண்டியதில்லை.

புதியவன் (திருப்பூர்)

இருக்கிறது அண்ணா, ஆனால் கை கொஞ்சம் ப்ளர்.

சோலைமந்தி (கோவை)

பரவாயில்லை, அனுப்புங்கள். கடைசித் தேதி 20. ரா ஃபைலை அழித்துவிடாதீர்கள்.